வீட்டில் விதை முளைக்க எந்தக் கலவை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்து மண்ணையே தட்டில் நிரப்பி விதைத்தால் என்ன?

முளைக்கும். அதே மண்ணில், தரையில் போட்ட விதை முளைக்கத்தானே செய்கிறது. ஆனால் தரையில் ஊற்றிய தண்ணீரை அடிமண் விடாமல் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். 4 அல்லது 5 சென்டிமீட்டர் ஆழமுள்ள விதைத் தட்டில் அப்படி இழுக்க அடியில் எதுவும் கிடையாது. தண்ணீர் அங்கேயே நிற்கிறது, வேருக்குக் காற்று போவதில்லை. போதாததற்கு, ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் களித்துகள் இடுக்குகளில் படிந்து மண் இறுகும். பத்து நாளில் மேலே ஓடு கட்டிவிடும். அந்த ஓட்டை முட்டித் திறக்க தக்காளி, கத்தரி போன்ற சின்ன விதைகளுக்குத் தெம்பு இருக்காது. களை விதையும் நாற்றழுகல் கிருமியும் கூடவே வரும்.

பீன்ஸ், பூசணி, வெள்ளரி, வெண்டை, மக்காச்சோளம் போன்ற பெரிய விதைகளுக்கு இந்தக் கவலை குறைவு. இவற்றைத் தட்டில் வளர்த்துப் பிடுங்கி நடுவதைவிட வளரவேண்டிய இடத்திலேயே ஊன்றிவிடுவது நல்லது. கலவையைத் தேடி அலைய வேண்டியது சிறிய விதைகளுக்கும், மெதுவாக வளரும் நாற்றுகளுக்கும்தான்.

தண்ணீர் தேங்காமலிருக்க அடியில் ஜல்லி போட்டால் போதாதா?

போதாது என்பதைவிட, நிலைமை மோசமாகும். காரணத்தைக் கண்ணால் பார்க்க ஒரு செங்கல் வடிவ ஸ்பாஞ்ச் போதும். அதைத் தண்ணீரில் நனைத்து, ஒரு கம்பி வலைமேல் படுக்கையாக வையுங்கள். சொட்டு நிற்கும்வரை காத்திருங்கள். நின்றதும் அதே ஸ்பாஞ்சை நீளவாக்கில் நிமிர்த்துங்கள். மறுபடி கொட்டும். ஸ்பாஞ்ச் மாறவில்லை, அதன் உயரம் மட்டும்தான் மாறியது.

எந்தக் கலவையிலும் வடிந்து முடிந்த பிறகு அடியில் ஒரு பட்டை முழு ஈரமாகவே நிற்கும். அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் துளை அளவு. பாத்திரம் எவ்வளவு ஆழம் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பட்டை 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் தொட்டியில் அது பொருட்டே இல்லை, மேலே 17 சென்டிமீட்டர் காற்றோட்டமாக இருக்கும். 4 சென்டிமீட்டர் குழித்தட்டில் (சிறு குழிகளாகப் பிரித்த விதைத் தட்டு) மிஞ்சுவது ஒரே ஒரு சென்டிமீட்டர். கீழே ஜல்லி போட்டால் அந்த ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும். வேருக்கு இருந்த கொஞ்ச இடமும் போய்விடும்.

ஆகவே இரண்டே வழிதான்: ஆழமான குழி, அல்லது பெரிய துளைகள் உள்ள கலவை. கீழே வரும் பதில்கள் பலவும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

நல்ல நாற்றுக் கலவைக்கு என்னென்ன தகுதி வேண்டும்?

தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகும் அதன் பருமனில் 10 முதல் 20 சதவீதம்வரை காற்று நிற்க வேண்டும். அதே நேரம் விதையை எல்லாப் பக்கமும் ஒட்டிப் பிடிக்கும் அளவுக்குப் பொடியாக இருக்க வேண்டும். பெரிய துண்டுகளுக்கு நடுவே விழுந்த விதை ஒரு பக்கம் காய்ந்து கிடக்கும். உப்பு குறைவாக, பி.எச். (புளிப்பு-கார அளவு) 5.5 முதல் 6.5வரை, களை விதை இல்லாமல் இருக்க வேண்டும். குழியிலிருந்து தள்ளி எடுக்கும்போது வேரோடு கட்டியாக வர வேண்டும்.

பட்டியலில் உரம் இல்லை. முளைக்கத் தேவையான சாப்பாட்டை விதை தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. விதையிலை விரிந்து அடுத்த நிஜ இலை எட்டிப் பார்க்கும்வரை வெளியிலிருந்து ஊட்ட வேண்டியதில்லை. சத்தான மண்ணில் போட்டால் சீக்கிரம் முளைக்கும் என்ற எண்ணத்தில் சேர்க்கும் உரம், உப்பாக மாறி முளைப்பைத் தடுப்பதுதான் அதிகம் நடக்கிறது.

கோகோபீட்டா, பீட் மாஸா?

இரண்டிலும் நல்ல நாற்று வரும். பீட் மாஸ் சதுப்பு நிலத்தில் நெடுங்காலமாகப் படிந்த பாசி. இயல்பிலேயே புளிப்பு அதிகம், பி.எச். 4-ஐ ஒட்டி இருக்கும். அதனால் சுண்ணாம்புத் தூள் சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். பையில் விற்கும் கலவையென்றால் பெரும்பாலும் சேர்த்தே இருப்பார்கள். அதன் பெரிய தொல்லை, ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்க மறுப்பது. மேலே ஊற்றுவது ஓரமாக ஓடி வெளியே போகும், நடுவில் தூசி பறக்கும்.

கோகோபீட் தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும்போது மிஞ்சும் துகள். பி.எச். கிட்டத்தட்ட சரியான இடத்திலேயே இருக்கும். காய்ந்தாலும் திரும்ப நனையும். குறை, உப்பு. மட்டையை உப்பு நீரில் ஊறவைத்திருந்தால் சோடியம் ஏறும். பொட்டாசியமோ மட்டையிலேயே நிறைய உண்டு. சரியாகக் கழுவியது கிடைக்குமானால், தண்ணீர் ஊற்றுவதில் இன்னும் கை பழகாதவர்களுக்குக் கோகோபீட்டையே சொல்லலாம். தவறை அது கொஞ்சம் பொறுக்கும்.

கோகோபீட் கட்டியை எப்படித் தயார் செய்வது?

650 கிராம் கட்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர். 15 லிட்டராவது கொள்ளும் வாளி எடுங்கள். முதலில் 3 லிட்டர் ஊற்றி அரைமணி விட்டுப் பாருங்கள். ஓரத்திலிருந்து உதிரத் தொடங்கும். நடுவில் கட்டி மிச்சமிருந்தால் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வெந்நீர் என்றால் வேலை சீக்கிரம் முடியும். கடைசியில் 8 முதல் 9 லிட்டர் உதிரி கோகோபீட் கிடைக்கும்.

அடுத்தது கழுவுவது. பழைய பருத்தித் துணியிலோ சாக்கிலோ கொட்டி, தண்ணீர் ஊற்றிப் பிழியுங்கள். முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். வடியும் நீர் வெளிறும்வரை, வழக்கமாக மூன்று நான்கு முறை, செய்ய வேண்டும். நிறம் போனதும் உப்பும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அதற்கான சோதனை அடுத்த பதிலில்.

கழுவிப் பிழிந்ததை 5 அல்லது 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் தேய்த்து நார்த்துண்டுகளை நீக்குங்கள். பெரும்பாலானோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். கைப்பிடி எடுத்துத் தேய்க்கும்போது மாவுபோல விரலில் ஒட்டினால் இன்னொரு வேலை இருக்கிறது: ஓரளவு உலரவிட்டு, மாவுச் சல்லடையில் தட்டி அந்தத் தூசியை வெளியேற்றுவது. காற்றுத் துளைகளை அடைப்பது அந்தத் தூசிதான். பெர்லைட் (காற்றுக்கு இடம் விடச் சேர்க்கும் வெள்ளைத் துகள்) வாங்காமலேயே காற்றோட்டத்தைக் கூட்ட இதுவே எளிய வழி.

பொட்டலத்தில் ‘கழுவியது’, ‘குறைந்த ஈ.சி.’ என்று இருக்கிறது. நம்பலாமா?

சோதித்துவிட்டு நம்பலாம். ஈ.சி. என்பது தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதைக் காட்டும் மின்கடத்து அளவு. ஈ.சி. மீட்டர் இருந்தால், 1 பங்கு கோகோபீட்டை 5 பங்கு தண்ணீரில் கலக்கி அரைமணி கழித்து வடிகட்டி அளக்க வேண்டும். 0.5 மில்லி சீமென்ஸுக்குக் கீழே என்றால் விதைக்கலாம். 1-ஐத் தாண்டினால் மறுபடி கழுவுங்கள். வெறும் தண்ணீரையும் தனியாக அளந்து அதைக் கழித்துக்கொள்ள மறக்கவேண்டாம். கிணற்று நீரே 0.8 காட்டும் இடங்களில் கோகோபீட்டின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

மீட்டர் இல்லையென்றால் விதையையே மீட்டராக்கலாம். கடுகு அல்லது முள்ளங்கி விதை 20 எண்ணி அந்தக் கோகோபீட்டில் போடுங்கள். இன்னொரு 20-ஐ ஈரத் தாளில் வையுங்கள். நான்கைந்து நாளில் இரண்டையும் பாருங்கள். தாளில் 18 முளைத்து, கோகோபீட்டில் 10 முளைத்தாலோ, முளைத்தவற்றின் வேர்நுனி பழுப்பேறிக் குட்டையாக இருந்தாலோ கழுவியது போதவில்லை. இதே சோதனை மண்புழு உரத்துக்கும், பையில் வாங்கும் கலவைக்கும் பொருந்தும்.

கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைக்கச் சொல்கிறார்களே, கட்டாயமா?

கோகோபீட் துகளின் மேற்பரப்பில் பொட்டாசியமும் சோடியமும் பிடித்துக்கொண்டிருக்கும். கால்சியமோ மக்னீசியமோ வந்தால் அவற்றை இழுத்துக்கொண்டு இவற்றை விடும். செடிக்குப் போகவேண்டிய கால்சியம் கலவையிலேயே சிக்கிக்கொள்கிறது. இளம் இலை நுனி கருகுவதும், இலை கிண்ணம்போல மடங்குவதும் இதன் அடையாளம்.

மூன்று நான்கு வாரத்தில் வேறு தொட்டிக்கு மாற்றப்போகும் நாற்றுக்கு, குழாயில் வருவது கடின நீராக இருந்தால், இந்த வேலை தேவையில்லை. அந்தத் தண்ணீரிலேயே கால்சியம் இருக்கிறது. மழைநீரோ சுத்திகரிப்பு இயந்திர நீரோ மட்டும் ஊற்றுபவர்களும், செடியைக் கடைசிவரை கோகோபீட்டிலேயே வளர்ப்பவர்களும் செய்யலாம். லிட்டருக்கு 4 முதல் 5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, கோகோபீட்டை ஓர் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசவேண்டும். அலசாமல் விதைத்தால் புது உப்பைச் சேர்த்ததாகிவிடும்.

பெர்லைட், வெர்மிகுலைட் இரண்டும் ஒன்றா?

பார்க்க ஒரே மாதிரி பையில் வந்தாலும் நேர் எதிர் வேலை செய்பவை. பெர்லைட் எரிமலைக் கண்ணாடியைச் சூடேற்றிப் பொரித்தது. வெள்ளையாக, கரகரப்பாக இருக்கும். கலவையில் காற்றுக்கு இடம் விடுவதுதான் அதன் வேலை. வெர்மிகுலைட் அபிரகம் போன்ற கனிமத்தைப் பொரித்தது. பொன்னிறமாக, ஏடு ஏடாக இருக்கும். அந்த ஏடுகளுக்கு இடையில் தண்ணீரையும் சத்துகளையும் பிடித்துவைக்கும்.

கலவை எப்போதும் சொதசொதவென்று இருந்தால் பெர்லைட். மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது என்றால் வெர்மிகுலைட். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் போட்டால் நடுநிலை வரும், தவறில்லை. ஆனால் தன் பிரச்சினை எது என்று தெரியாமல் வாங்குவதில் பயன் குறைவு.

பெர்லைட் பையைத் திறப்பதற்கு முன் ஒரு ஓட்டை போட்டு உள்ளே அரை கப் தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசமும் நல்லது. வெர்மிகுலைட்டை ஈரத்தில் வைத்துப் பிசைந்தால் ஏடுகள் நசுங்கி வெறும் களியாகிவிடும். கடைசியில் சேர்த்து மெதுவாகப் புரட்டினால் போதும்.

அவை கிடைக்கவில்லை. மணல் போடலாமா?

போடலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு. பெர்லைட் துகளைப் போல மணல் துகள் இலேசானது அல்ல, அதற்குள் காற்றும் இல்லை. நைஸ் மணலைக் கொஞ்சமாகச் சேர்த்தால் அது இருக்கிற துளைகளைப் போய் அடைத்துக்கொள்ளும். களிமண்ணோடு சேர்ந்தால் காய்ந்ததும் செங்கல்தான். அரை முதல் 2 மில்லிமீட்டர்வரை பருமனுள்ள மணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசிப் பயன்படுத்துங்கள். கடல் மணல் கூடாது.

இதைவிட நல்ல மாற்று, கருக்கிய உமி. முழுச் சாம்பலாகாமல், கருத்த நிலையில் நிறுத்திய உமியின் வடிவம் குலையாமல் இருக்கும், இலேசாகவும் இருக்கும். காரத்தன்மை கொஞ்சம் உண்டு என்பதால் இரண்டு முறை அலசி, கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேர்க்கவேண்டும். வெள்ளையாக எரிந்துபோன சாம்பல் வேறு, அது வேண்டாம்.

மரத்தூள்? மக்காத மரத்தூளை மக்கவைக்க நுண்ணுயிர்கள் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். நாற்று வெளுத்து நிற்கும். தவிர்த்துவிடுங்கள்.

மண்புழு உரம் எவ்வளவு சேர்க்கலாம்?

10 பங்கில் 1. தாராளமாகப் போனால் 2. அதற்கு மேல் போனால் உப்பு கூடும், துளை அடையும், தட்டு கனக்கும். நன்கு மக்கிய உரம் ஈர மண் வாசனை தரும். சந்தேகம் இருந்தால் ஒரு கைப்பிடியை ஈரப்படுத்தி, காற்றுப் புகாத உறையில் கட்டி ஒரு வாரம் வைத்துத் திறந்து பாருங்கள். அமோனியா நெடியோ புளித்த வாடையோ அடித்தால் இன்னும் மக்கவில்லை. அந்த அமோனியா முளைவேரைக் கருக்கிவிடும். பச்சைச் சாணம், புண்ணாக்கு, எலும்புத்தூள் எதுவும் விதைத் தட்டுக்குப் போகக்கூடாது. அவை நடவுத் தொட்டிக்கானவை.

விகிதத்தைச் சொல்லிவிடுங்கள்.

முதலில் உங்கள் கையைச் சொல்லுங்கள். தினமும் தட்டைப் பார்த்து, பார்த்தபோதெல்லாம் ஊற்றுகிறவரா? கோகோபீட் 5, பெர்லைட் 4, மண்புழு உரம் 1. இரண்டு நாள் மறந்துவிடக்கூடியவரா, அல்லது தட்டு வெயிலும் காற்றும் படும் மொட்டைமாடியிலா? கோகோபீட் 7, வெர்மிகுலைட் 2, மண்புழு உரம் 1. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கும், பெர்லைட் கிடைக்காதவர்களுக்கும்: கோகோபீட் 6, கருக்கிய உமி 3, மண்புழு உரம் 1.

எல்லாம் எடையில் அல்ல, ஒரே குவளையால் அளக்கும் பருமனில். ஈரமான கோகோபீட்டையும் காய்ந்த பெர்லைட்டையும் தராசில் வைத்தால் கணக்கு எங்கோ போய்விடும். பெட்டூனியா, கீரை போன்ற தூசு விதைகளுக்கு மண்புழு உரத்தை விட்டுவிட்டு, மேல் ஒரு சென்டிமீட்டருக்கு மட்டும் கலவையை 3 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துப் போடுங்கள்.

எவ்வளவு கலவை தேவைப்படும்?

ஒரு குழியைத் தண்ணீரால் நிரப்பி, அந்தத் தண்ணீரை மில்லி கணக்கில் அளந்து, குழிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். குழிக்கு 40 மில்லி, 72 குழி என்றால் 2,880 மில்லி. கலவை படிந்து இறங்குவதற்கு 15 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 3.3 லிட்டர். ஒரு கட்டிக் கோகோபீட்டே இரண்டரைத் தட்டுக்கு வந்துவிடும், பெர்லைட்டும் சேர்ந்தால் இன்னும் கூடுதலாக.

நிரப்பும்போது ஈரம் எந்த அளவு இருக்கவேண்டும்?

கலவையை ஈரப்படுத்திய பிறகுதான் நிரப்பவேண்டும். உலர்ந்ததை நிரப்பி மேலே ஊற்றினால் பாதிக் குழி நனையும், பாதி நனையாது. விதையும் மிதந்து ஓரத்துக்கு ஓடும். ஒரு கை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு துளிர்த்து, கையை விரித்தால் உருண்டையாக நின்று, விரலால் தொட்டால் உதிரவேண்டும். தண்ணீர் தாரையாக வழிந்தால் அதிகம். கை விரித்ததும் தானாகக் கொட்டினால் குறைவு.

குழிகளில் தளர்வாகக் கொட்டி, தட்டைத் தூக்கி மேசையில் இரண்டு முறை தட்டுங்கள். இறங்கிய இடத்தை மேலும் நிரப்பி, அட்டையால் வழித்துவிடுங்கள். கட்டைவிரலால் அழுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. எவ்வளவு பெர்லைட் சேர்த்திருந்தாலும் ஓர் அழுத்தில் அந்தக் காற்றெல்லாம் போய்விடும். நிரப்பிய தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதும் இதே தவறுதான்.

விதைமேல் எதைப் போட்டு மூடுவது?

விதையின் தடிமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுக்கணக்கு. தக்காளி, மிளகாய், கத்தரிக்கு அரை சென்டிமீட்டர் போதும். நைஸ் வெர்மிகுலைட் மூடுவதற்கு மிக நல்லது. ஓடு கட்டாது, இலேசாக இருக்கும், காய்ந்ததும் நிறம் வெளிறுவதால் ஈரம் எப்படி என்று தூரத்திலிருந்தே தெரியும். லெட்யூஸ், பெட்டூனியா, செலரி விதைகளுக்கு வெளிச்சம் வேண்டும். மேலே தூவி, மெதுவாகத் தட்டிவிட்டு, மூடாமல் விடுங்கள்.

கலவையைக் கிருமி நீக்கம் செய்யவேண்டுமா?

புது கோகோபீட்டுக்கும் பெர்லைட்டுக்கும் தேவையில்லை. மண்ணோ பழைய கலவையோ சேர்க்கிறீர்கள் என்றால் செய்யலாம். ஈரமான மண்ணின் நடுப்பகுதி 82 டிகிரி செல்சியஸை எட்டி, அதே சூட்டில் 30 நிமிடம் இருக்கவேண்டும். ஆவியில் வேகவைப்பது எளிது, 10 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். சமையல் வெப்பமானியை நடுவில் குத்திப் பாருங்கள். 95 டிகிரியைத் தாண்ட விட்டால் மண்ணிலிருந்து அமோனியாவும் மாங்கனீசும் கரைந்துவந்து நாற்றைக் கெடுக்கும். நல்ல நுண்ணுயிர்களும் சேர்ந்து செத்திருக்கும். அந்த வெற்றிடத்தில் முதலில் புகுந்த கிருமி தடையில்லாமல் பரவும்.

அவசரமில்லை என்றால் வெயில் போதும். ஈரமான மண்ணை மெல்லிய படலமாகப் பரப்பி, நிறமற்ற பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, கடும் கோடையில் 4 முதல் 6 வாரம் விடவேண்டும். கறுப்புத் தாள் வேண்டாம், நிறமற்றதில்தான் சூடு உள்ளே இறங்கும்.

தட்டைக் கழுவுவதை மட்டும் யாரும் விடக்கூடாது. முதலில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவி, பின் 1 பங்கு வீட்டு பிளீச், 9 பங்கு தண்ணீர்க் கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள்.

நன்றாக வந்த நாற்று அடியில் சுருங்கிச் சாய்கிறது. ஏன்?

நாற்றழுகல். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல மெலிந்து, நீர் கோத்து, ஒரே இரவில் சாயும். மேலே இலை பச்சையாகவே இருக்கும். பித்தியம், ரைசோக்டோனியா, ஃபியூசேரியம் என்று பல கிருமிகள் இதைச் செய்யும். இவற்றில் பித்தியத்தின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகக்கூடியவை. எப்போதும் நீர் நிற்கும் தட்டில் ஓர் ஓரத்தில் தொடங்கி வட்டமாகப் பரவுவது இதனால்தான். விதையே முளைக்காமல் உள்ளேயே அழுகுவதும் இதே நோயின் இன்னொரு முகம். ‘விதை சரியில்லை’ என்று நினைத்துவிடுவோம்.

சாய்ந்ததை எழுப்ப முடியாது. சாய்ந்தவற்றைச் சுற்றியிருக்கும் கலவையோடு அகற்றி, தண்ணீரை நிறுத்தி, மூடியைத் திறந்து, சின்ன மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். குழிக்கு ஒரு நாற்று மட்டும் விட்டு மற்றதை வேரோடு இழுக்காமல் கத்தரியுங்கள். ட்ரைக்கோடெர்மா (நோய்க் கிருமிகளை அடக்கும் நல்ல பூஞ்சை) உதவும், ஆனால் விதைப்பதற்கு முன்பே பொட்டலத்தில் சொன்ன அளவில் கலவையில் சேர்த்திருந்தால். மஞ்சள் தூள், இலவங்கப்பட்டைத் தூள் தூவுவது ஈரத்தை மாற்றப்போவதில்லை.

தண்ணீரை அடியிலிருந்து கொடுப்பது நல்ல பழக்கம். தட்டை 1 சென்டிமீட்டர் நீரில் வைத்து, மேற்பரப்பு நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள். பொதுவாக 15–20 நிமிடம். எடுக்க மறந்து இரவெல்லாம் விட்டால், அடியிலிருந்து கொடுத்ததன் நன்மை அத்தனையும் போச்சு. மறுநாள் ஊற்றலாமா என்பதை விரலைவிடக் கை எடை நன்றாகச் சொல்லும். நனைந்த தட்டைத் தூக்கி அதன் கனத்தை நினைவில் வைத்துக்கொண்டு, பாதியாகக் குறைந்ததும் மறுபடி.

மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது, சின்னக் கொசுவும் பறக்கிறது.

வெள்ளைப் பூஞ்சை பெரும்பாலும் மக்கும் துகளைத் தின்பது, நாற்றைத் தொடாது. பச்சைப் பாசியும் அப்படியே. இரண்டும் சொல்வது ஒன்றுதான்: மேற்பரப்பு காய்வதேயில்லை.

கொசு சமாசாரம் வேறு. அது பூஞ்சைக் கொசு. அதன் புழு மேல் 2–3 சென்டிமீட்டரில் இருந்து பூஞ்சையையும் நுண்வேரையும் தின்னும். மண்புழு உரம் அதிகமான ஈரக் கலவை அதற்குப் பிடித்த இடம். மேற்பரப்பைக் காயவிடுங்கள், பருமணலை அரை சென்டிமீட்டர் பரப்புங்கள். மஞ்சள் ஒட்டு அட்டை பறப்பதைப் பிடிக்கும், புழுவைப் பிடிக்காது. புழுவுக்குப் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியாத் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். முட்டையிலிருந்து கொசுவாக மூன்று நான்கு வாரம் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை என்று தொடர்ந்து ஊற்றினால்தான் முடிவுக்கு வரும்.

எல்லாம் சரியாகச் செய்தும் முளைக்கவில்லை.

கலவையை மாற்றுவதற்கு முன் சூட்டைப் பாருங்கள். ஈரக் கலவை ஆவியாவதால் அறையைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் 25 முதல் 30 டிகிரி வேண்டும். 20-க்குக் கீழே போனால் மிளகாய் வாரக்கணக்கில் அசையாது. லெட்யூஸ் தலைகீழ், 30 டிகிரியைத் தாண்டினால் உறங்கிவிடும். பழைய விதையென்ற சந்தேகம் இருந்தால் 10 விதையை ஈரத் தாளில் மடித்து, மூடிய உறையில் போட்டுப் பாருங்கள். முளைவேர் அரை சென்டிமீட்டர் வந்ததும் கலவைக்கு மாற்றிவிடவேண்டும். நீளவிட்டால் வேர் தாளுக்குள் புகுந்து, பிரிக்கும்போது ஒடியும்.

முளைத்து இரண்டு வாரத்தில் மஞ்சளாகிறது. கலவை தப்பா?

கலவை தப்பில்லை, விதையில் இருந்த சாப்பாடு தீர்ந்துவிட்டது. நிஜ இலை வந்ததும் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் தலா 19 சதவீதம்) லிட்டருக்கு அரை கிராம் கரைத்து வாரம் ஒருமுறை கொடுங்கள். தழைச்சத்துக் கணக்கில் அது லிட்டருக்கு 95 மில்லிகிராம், இளம் நாற்றுக்குப் போதும். இயற்கை வழி என்றால் மீன் அமிலம் போன்ற திரவ உரத்தை, பெரிய செடிக்குக் கொடுக்கும் அளவில் கால் பங்காக. விதையிலை மட்டும் மஞ்சளாகி, மேல் இலை பச்சையாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், அது உதிரவேண்டிய இலை. எல்லா இலையும் வெளுத்து, தட்டும் கனமாக இருந்தால் பசி அல்ல, வேர் மூச்சுத் திணறுகிறது. உரம் ஊற்றினால் இன்னும் கெடும்.

பீட் மாத்திரை, முட்டை ஓடு, காகிதக் குவளை?

பீட் மாத்திரை (அழுத்திய பீட் மாஸ் வில்லை) ஊறவைத்து விதைக்க வசதியானது. நடும்போது அதைச் சுற்றியிருக்கும் வலையைக் கிழித்துவிடுங்கள், பல வகைகளில் அது மக்குவதில்லை. முட்டை ஓட்டில் கொள்ளும் கலவை மிகக் குறைவு, அடியில் துளையும் இருக்காது. குழந்தைகளுக்குக் காட்டலாம். காகிதக் குவளை நல்லதுதான், மேல்விளிம்பு மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் திரிபோல ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். விளிம்பைக் கிழித்துவிட்டு நடுங்கள்.

பயன்படுத்திய கலவையில் மறுபடி விதைக்கலாமா?

விதைக்கு வேண்டாம். பழைய வேரும், சேர்ந்துபோன உப்பும், தெரியாத கிருமியும் அதில் இருக்கும். துளைகளும் நொறுங்கிக் குறைந்திருக்கும். பெரிய தொட்டிகளில் மண்ணோடு கலந்துவிட்டால் வீணாகாது. நாற்றழுகல் வந்த தட்டின் கலவையை மட்டும் தனியாக எடுத்து, வெயில் முறையில் மூடிவைத்த பிறகு சேருங்கள். மிச்சமான புதுக் கலவையை ஈரத்தோடு மூட்டை கட்டினால் புளித்த வாடை வரும். நிழலில் உலர்த்தி, எலி ஏறாத டப்பாவில் மூடி வையுங்கள். மண்புழு உரத்தை அப்போது சேர்க்காமல், அடுத்த முறை விதைக்கும் நாளில் சேர்த்துக்கொள்ளலாம்.